சேறும் சக்கரமும்

கிராண்ட்பாஸ் என்பது போர்த்துக்கேயர் காலத்துப் பெயர்; ‘பெருங்கடவை’ என்பது அதன் பொருள். களனி கங்கையைக் கடக்கும் துறை இங்கே இருந்தது. 1947 இலும் 2016 இலும் கங்கை பெருகியபோது கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தாலும் சேறு எளிதில் அகலாது. அச்சேற்றில் துவிச்சக்கர வண்டி ஓட்டுபவர் அறிவார்: தேய்ந்த ரயர் சுழலுமேயன்றி முன்னேறாது.

காற்றடைத்த ரயரை 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் ஆக்கியவர் கால்நடை வைத்தியரான டன்லப். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1876 இல், இலண்டன் கியூ தோட்டத்து இறப்பர் நாற்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்துவிட்டன. பின்னர் உலகின் சக்கரங்களுக்கு நம் தோட்டத் தொழிலாளர் வடித்த பாலும் சென்றது.

சேற்றில் ஓடுவதையே ஐரோப்பியர் ஒரு பந்தயமாக்கினர். ‘சைக்கிளோகுரொஸ்’ எனப்படும் அதன் முதலாவது பிரெஞ்சுத் தேசியப் போட்டி 1902 இல் நடைபெற்றது. இன்று அதன் சர்வதேசப் போட்டிகளில் ரயரின் அகலம் 33 மில்லிமீற்றரை மிஞ்சலாகாது. ஆகவே ரயரின் முகப்பும் காற்றின் அளவுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. ஆழ்ந்த சேற்றுக்கு உயர்ந்த, இடைவெளி விட்ட புடைப்புகள் வேண்டும்; இடைவெளி நெருங்கினால் சேறு அடைத்துப் பிடிப்பு அற்றுப்போகும். காய்ந்த இறுகிய தரைக்குத் தாழ்ந்த, நெருங்கிய புடைப்புகளே விரைவு தரும். காற்றைச் சிறிது குறைத்தால் ரயர் நிலத்தில் படிந்து பற்றும். மிகக் குறைத்தாலோ விளிம்பு கல்லில் மோதிக் குழாய் கிழியும்.

எந்நிலத்துக்கும் ஏற்ற ஒரே சக்கரம் இல்லை. தன் பாதையை முதலில் நடந்து பார்ப்பவனே தக்க ரயரைத் தெரிகிறான்.