வாழையடி வாழை

திருகோணமலையில் மங்கல நிகழ்ச்சி என்றால் பந்தற்காலில் குலைவாழை கட்டுவர். மணமக்களை ‘வாழையடி வாழையாக வாழ்க’ என வாழ்த்துவர். தாய்மரம் சாயுமுன் அதன் அடியிற் கன்று எழுகின்றது. அக்கன்று தாயின் மறுபதிப்பேயாகும். வாழ்த்துக்குரிய இவ்வியல்பே வாழையின் பெருங்குறையும் ஆயிற்று என்பதை வரலாறு காட்டுகின்றது.

நாம் உண்ணும் வாழைக்கு வித்தில்லை, கன்றாலேயே பெருகுகின்றது. ஆகவே ஒரு மரத்தைக் கொல்லவல்ல நோய் அதன் குலம் முழுவதையும் கொல்லவல்லது.

பியூசேரியம் என்னும் பங்கசு மண்ணில் வாழ்வது. வேர்வழியே புகுந்து நீரேற்றுங் குழாய்களை அடைத்துவிடும். இலைகள் மஞ்சளித்து ஒடிந்து தொங்கும். இதனைத் தீர்க்கும் மருந்தில்லை; மரம் மடிந்த பின்னும் அது பல்லாண்டு மண்ணிற் காத்திருக்கும். இந்நோயை 1876 இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் யோசேப்பு பான்குரொவ்ற் என்னும் மருத்துவர் விவரித்தார். மத்திய அமெரிக்கத் தோட்டங்களிலோ ‘குரோ மிசேல்’ என்னும் ஒரே இனத்தை நட்டிருந்தனர். 1960 அளவில் அவ்வினம் ஏற்றுமதி வாணிகத்தினின்றும் மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்த ‘கவென்டிஷ்’ இனத்தையும் வீழ்த்தும் புதிய வகைப் பங்கசு பின்னர் தாய்வானில் தோன்றியது. 2013 இல் ஜோர்தானிலும் மொசாம்பிக்கிலும், 2019 இல் கொலம்பியாவிலும் அறியப்பட்டது. நம் அயலிலுள்ள இந்தியாவின் பீகாரையும் அது எட்டிவிட்டது.

இலங்கைக்கு இப்பாடம் புதிதன்று. 1869 இல் கோப்பி இலையிற் கண்ட துருநோயும் ஒரு பங்கசின் வேலையே. சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. நாம் விரும்பியுண்ணும் கோழிக்கூட்டு வாழையும், தமிழ்நாட்டார் இரஸ்தாளி என அழைக்கும் அதன் இனமும், பழைய வாடல் நோய்க்கே எளிதில் இரையாவன.

இந்நிலையில் உயிரித் தொழில்நுட்பம் ஒரு வழி காட்டியது. தென்கிழக்காசியக் காட்டு வாழையொன்று இந்நோயைத் தாங்கி நிற்பதைக் கண்டனர். அதன் காப்பு மரபணு கவென்டிஷிலும் உண்டு. ஆனால் அங்கு ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றது. குயீன்ஸ்லாந்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் யேம்ஸ் டேலும் குழுவினரும் காட்டு வாழையின் மரபணுவைக் கவென்டிஷுக்கு ஊட்டினர். 2012 இல் நோயுற்ற நிலத்தில் நட்டவற்றுள் ஒரு வழி மூன்றாண்டும் நோயின்றி நின்றது. அவ்வழி வந்த வாழையைப் பயிரிடவும் உண்ணவும் அவுஸ்திரேலியா 2024 இல் அனுமதி வழங்கியது. எனினும் அதனை உடனே சந்தைக்கு அனுப்பாது, இடர்க்காலக் காப்பாகவே வைத்துள்ளனர்.

வீட்டு வாழை இழந்ததைக் காட்டு வாழை கொடுத்தது. ஆகவே காட்டினங்களையும், கதலி, மொந்தன் முதலாய நம் பல்வகை இனங்களையும் பேணுதல் ஆராய்ச்சிக்கே முதலாகும்.

நேயர்களே, நோய் கொண்ட கன்று வெளித்தோற்றத்தில் நலமாகவே இருக்கும். மண் ஒட்டிய மண்வெட்டியும் பாதணியும் நோயைச் சுமந்து செல்லும். பிறநாட்டுக் கப்பல்கள் வந்தணையும் துறைமுகத்தருகே வாழ்வோர், கடல் கடந்து வரும் கன்றொன்றை அன்பளிப்பாகவேனும் ஏற்றல் ஆகாது. ஆய்வுகூடத்தில் வளர்த்த நோயற்ற திசுவளர்ப்புக் கன்றை நாடுங்கள். வாடிய தோட்டத்து மண்ணை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுசெல்லாதிருங்கள். புதிய விஞ்ஞானம் நம் வாயிலை அடையும்வரை, வாழையடி வாழையைக் காப்பது இவ்விழிப்பே.