மெய்க்காவலரிலிருந்து கண்காணிப்புக் கேமரா வரை: வழிபாட்டிடங்களின் பாதுகாப்புக்கு அரசு தந்த உதவி – பம்மல் வட்டாரத்தை முன்வைத்து

தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் திருமெய்காப்பு செய்யும் ஆட்களை அனுப்பும் பொறுப்பை முதலாம் இராசராசன் சோழநாட்டு ஊர்களிடம் ஒப்படைத்தான். அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லை அந்தந்த ஊரே அளக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். காவலர் யார், அவருக்கு எவ்வளவு, அளப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறது. அடுத்த ஆயிரம் ஆண்டுகளில் இந்த மூன்றும் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோனதைத் தொடர்ந்து பார்ப்பதும், அதன் விளைவைப் பம்மல் போன்ற ஒரு சென்னைப் புறநகரிலிருந்து மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணக் கோயில்களின் அறக்கட்டளைச் சொத்துகள் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் வந்தன. கிறித்தவ அரசு ‘விக்கிரக வணக்கத்துக்கு’ உதவலாமா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் வலுத்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி படிப்படியாகக் கையை விலக்கிக்கொண்டது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கியது. அதன்பின் கோயில் நகையும் திருமேனியும் தர்மகர்த்தாக்களின் நேர்மையையும் திறமையையும் நம்பியே இருந்தன. பம்மலைத் தம் பெயரிலேயே கொண்டிருந்த நாடக ஆசிரியர் சம்பந்த முதலியார் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தர்மகர்த்தாவாகவும் இருந்தார். அத்தகையவர்கள் கிடைத்த கோயில்கள் தப்பித்தன. எல்லாக் கோயில்களுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை.

1920களில் அறநிலைய வாரியம் வந்தது. 1951இல் தனித் துறையும், இன்றைய நிர்வாகத்துக்கு அடிப்படையான 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அடுத்து வந்தன. அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு, நகை, பாத்திரம் மட்டுமன்றி மூலவர், உற்சவர் விவரங்களையும் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்கிறது. என் பார்வையில் கோயில் பாதுகாப்புக்கென்று சுதந்திர இந்தியாவில் எழுதப்பட்ட மிகப் பயனுள்ள விதி இதுதான். நடைமுறையில் மிக அலட்சியமாகக் கையாளப்பட்டதும் இதுவே. ‘நடராசர், செம்பு, 1’ என்று எழுதிவிட்டால் பதிவேட்டைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிடும். அந்த நடராசரை மாற்றிவிட்டு வேறொன்றை வைத்தாலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

சிவபுரத்தில் நடந்தது அதுதான். கும்பகோணம் அருகே அவ்வூர் வயலில் 1951இல் ஆறு செப்புத்திருமேனிகள் கிடைத்தன. புதையல் என்ற முறையில் அவை அரசுக்கு உரியவை. ஊர் கேட்டுக்கொண்டதால் கோயிலிடம் தரப்பட்டன. 1954இல் பழுதுபார்க்க ஸ்தபதியிடம் போன நடராசருக்குப் பதிலாகப் போலி திரும்பி வந்தது. ஊர் அதற்கே தீபாராதனை காட்டியது. கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று பிரிட்டிஷ் கலை வரலாற்றாசிரியர் டக்ளஸ் பாரெட் 1965இல் எழுதியபோதுதான் உண்மை வெளிவந்தது. அதற்குள் அசல் கைமாறிக் கடல் கடந்திருந்தது. 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்துச் சமரசத்துக்கு வந்து, 1986இல்தான் சிலை திரும்பியது. அரசு திருமேனியைத் தந்ததே தவிர, அதைக் காக்கப் பணமும் தரவில்லை, ஆளும் தரவில்லை. ஒரு நல்ல புகைப்படம்கூட எடுத்து வைக்கப்படவில்லை.

1976இல் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவரின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராசர் இலண்டன் வரை போய், அங்கே நடந்த வழக்கில் வென்று 1991இல் திரும்பியது. இடையில், 1983இல், சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு தமிழகக் காவல்துறையில் தொடங்கப்பட்டது. ஆனால் காவல்துறைப் பிரிவு என்பது பொருள் போன பிறகு தேடுவதற்கு. போகாமல் தடுக்க அரசு தேர்ந்தெடுத்த வழி, பாதுகாப்பில்லாத கோயில்களின் உலோகத் திருமேனிகளைத் திரட்டி ஓரிடத்தில் பூட்டி வைப்பது. திருவாரூர்ப் பாதுகாப்பு மையம் இதில் முதன்மையானது. திரும்பி வந்த பத்தூர் நடராசரும் அங்கேதான் வைக்கப்பட்டார். திருவிழாவுக்குச் சாமியைக் கேட்டு மனுப் போட்டு, காவலோடு அழைத்துப்போய், காவலோடு திருப்பி ஒப்படைக்கும் ஊர்கள் டெல்டாவில் உண்டு. இரும்புக் கதவுக்குள் பொருள் பத்திரமாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் உற்சவர் ஊரில் இல்லாமல் போனால் உற்சவம் குறைகிறது. உற்சவம் குறைந்தால் கோயிலுக்கு வரும் ஆட்களும் குறைகிறார்கள். ஆள் வராத கோயிலே திருடனுக்கு எளிது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் இதற்குச் சாட்சி. வழிபாடு நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த கோயிலில் 2006இல் புகுந்தவர்கள், உடைத்த பூட்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக 2008இல் அலுவலர்கள் வந்தபோதுதான் திருட்டே தெரிந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் அங்கிருந்து திருடப்பட்ட நடராசரை 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 2014இல் சிலை மீண்டது. மீட்டுத் தந்தது பூட்டோ அலாரமோ அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் அதற்கு ஆதாரமாயின. 29ஆம் பிரிவின் பதிவேடு செய்திருக்க வேண்டிய வேலையை அந்தப் படங்கள் செய்தன.

தமிழக அரசு ஆட்களுக்குச் செலவிடவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முன்னாள் படைவீரர்களைச் சேர்த்துத் திருக்கோயில் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது, பாதுகாப்புத் திட்டம் என்று யாரும் அழைக்காத ஒரு கால பூசைத் திட்டத்தை. வருவாயற்ற கோயிலின் பெயரில் வைப்புத்தொகை போட்டு, வட்டியில் ஒரு வேளை பூசையாவது நடக்க வழி செய்வது அது. 2021இல் 12,959 கோயில்களுக்கு இத்தொகை ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாக உயர்ந்தது. அரசு 130 கோடி ரூபாய் தந்தது. அர்ச்சகர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. நாள்தோறும் கதவைத் திறந்து விளக்கேற்றும் ஒருவர் ஸ்ரீபுரந்தானில் இருந்திருந்தால், திருட்டு இரண்டு ஆண்டு மறைந்திருக்காது.

பிற சமயத்தாருக்கான உதவி பின்னால்தான் வந்தது. 2016–17 முதல் சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களுக்குப் பழுதுபார்ப்பு மானியம் தரப்படுகிறது. ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது. பள்ளிவாசல், தர்கா பழுதுபார்ப்புக்கு வக்ஃபு வாரியம் வழியே நிதி வருகிறது. குறிப்பிட்ட மதத்தை வளர்க்க வரி விதிக்கக் கூடாது என்கிற அரசமைப்பின் 27ஆம் பிரிவு இருக்கையில் இது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. அதே அரசமைப்பின் 290அ பிரிவு, திருவிதாங்கூரிலிருந்து வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுக்கு 13.5 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்கிறது. 2002 கலவரத்தில் சேதமான குஜராத் வழிபாட்டிடங்கள் குறித்து 2017இல் உச்ச நீதிமன்றம், முழு இழப்பீடு தரச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை நீக்கி, 50,000 ரூபாய் வரை கருணைத்தொகை என்ற மாநில அரசின் திட்டத்தை ஏற்றது. ஆக, இந்தியாவில் அரசு உதவிக்கு முற்றான தடையும் இல்லை, உரிமை என்று கேட்கும் இடமும் இல்லை.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. அங்கே அச்சம் திருடனைப் பற்றியது அல்ல, துப்பாக்கியைப் பற்றியது. 2005இல் 2.5 கோடி டாலரில் தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியம், 2018 பிட்ஸ்பர்க் யூத ஆலயப் படுகொலைக்குப் பிறகு வேகமாக வளர்ந்து, 2023இல் 30.5 கோடியை எட்டியது. கேட்கும் அமைப்பு தன் பலவீனங்களைத் தானே ஆராய்ந்து எழுதித் தர வேண்டும்: எந்த வாசல் திறந்து கிடக்கிறது, எங்கே வெளிச்சம் இல்லை, யார் எப்போது உள்ளே இருப்பார். பணம் பெரும்பாலும் செலவு செய்த பிறகே திரும்பி வரும். சிறு அமைப்புகளுக்கு அது பெரும் தொல்லை. ஆனாலும் அந்த எழுத்துவேலை நாம் கடன் வாங்கத் தக்கது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்கள் குண்டுக்கு இரையானதைப் பார்த்த பிறகு, அந்த அச்சம் நமக்குத் தொலைவானது என்றும் சொல்ல முடியாது.

பம்மலுக்கு வருவோம். 2021 நவம்பரில் பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் நகராட்சிகள் தாம்பரம் மாநகராட்சிக்குள் சேர்ந்தன. 2022 சனவரியில் தாம்பரம் காவல் ஆணையரகம் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் பழமைக்குக் குறைவில்லை: பல்லாவரம் குன்றில் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது, திருநீர்மலையும் திரிசூலமும் கூப்பிடு தூரம். ஆனால் இங்கே எண்ணிக்கையில் மிகுதி, மனைப்பிரிவுகள் வந்த பிறகு குடியிருப்போர் வரி வசூலித்துக் கட்டிய பிள்ளையார் கோயிலும் அம்மன் கோயிலும், வாடகைக் கட்டடத்து ஜெபவீடும்தான். மடக்கு இரும்புக் கதவு, சங்கிலியால் தூணோடு கட்டிய உண்டியல், எதிர் வீட்டுக்காரர் தம் செலவில் மாட்டிய கேமரா என்பதே இவற்றின் காவல். அறநிலையத் துறைக் கோயில் உண்டியலுக்கு 1975ஆம் ஆண்டு விதிகளின்படி இரட்டைப் பூட்டும் முத்திரையும் உண்டு, அலுவலர் முன்னிலையில்தான் திறப்பு. தெருக் கோயில் உண்டியலுக்குப் பொருளாளர் இடுப்புச் சாவி ஒன்றே.

மேலே சொன்ன எந்தத் திட்டமும் இத்தகைய வழிபாட்டிடங்களைத் தொடுவதில்லை. துறைப் பட்டியலில் இல்லாத கோயிலுக்கு ஒரு கால பூசை நிதி கிடையாது. சொந்தக் கட்டடம் இல்லாத சபைக்குப் பழுது மானியம் கிடையாது. வக்ஃபு பதிவில்லாத தொழுகைக் கூடத்துக்கும் அப்படியே. சென்னைக் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ முயற்சியிலும் கேமராக்களில் பெரும்பகுதி மக்கள் பணத்தில் வந்தவைதாம். இவ்விடங்களைச் சேர்க்கப் புதுச் சட்டம் தேவைப்படாது. மாநகராட்சியும் ஆணையரகமும் சேர்ந்து, மதம் பாராமல் வார்டு வாரியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். ஒவ்வொரு இடத்திலும் உள்ள பொருள்களை நாற்புறமும் அளவுகோலோடு படமெடுத்து, ஒரு படி குழுவிடமும் ஒரு படி காவல் நிலையத்திலும் வைக்கலாம். மானியம் என்று ஒன்று வருமானால், அதில் முதல் பங்கு இரவில் அங்கே தங்கும் ஆளின் சம்பளத்துக்குப் போக வேண்டும். கேமரா அதற்கு அடுத்தபடி.