லேலண்டும் டாடாவும்: சேலத்து லாரிகளும் அரசின் கைதூக்கலும்

சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி, ஆத்தூர், தம்மம்பட்டி வட்டாரத்து மரவள்ளிக்கிழங்கை, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்குச் சுமந்து சென்ற லாரிகளின் வரலாறு, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் வேரூன்றிய லாரித் தொழிலின் வரலாற்றோடு பிணைந்தது. அத்தொழிலில் நீண்ட காலம் ஊறிய ஓட்டுநர்கள் லேலண்ட், டாடா என்னும் இரண்டு லாரி வகைகளில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறத் தயங்குவதை வெறும் பழக்கம் என்றோ கண்மூடித்தனமான பற்று என்றோ ஒதுக்கிவிட முடியாது. அந்த விசுவாசம் உருவான களத்தைப் பெருமளவு அமைத்துக் கொடுத்தது அரசாங்கமே.

உள்நாட்டுத் தொழிலுக்கு எந்த அளவு பாதுகாப்பு தேவை என்று ஆராய்ந்து சொல்லும் அமைப்பான தீர்வை ஆணையம், இந்தியாவிலேயே பாகங்களைச் செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இனி இடம் என்று 1953இல் பரிந்துரைத்தது. இறக்குமதிப் பாகங்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும், 1928 முதல் பம்பாயில் ஆலை நடத்திய ஜெனரல் மோட்டார்ஸும் அதையடுத்து வெளியேறின. எஞ்சியவற்றில் ஃபார்கோ, டாட்ஜ், பெட்ஃபோர்டு வண்டிகள் சில காலம் ஓடினாலும், 1954இல் மெர்சிடிஸ் பென்ஸுடன் கைகோத்த டாடாவும் சென்னையை அடுத்த எண்ணூரின் அசோக் லேலண்டுமே கனரக வாகனச் சந்தையில் நிலைத்தன. நொடித்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து மீட்பது ஒரு வகை உதவி என்றால், போட்டியாளரை வாசலிலேயே நிறுத்திவைப்பதும் உதவிதான். கணக்கேட்டில் அது செலவாகத் தெரியாது என்பதே வேறுபாடு.

இப்படிச் சுருங்கிய சந்தையில் ஓட்டுநரின் தேர்வைப் பட்டறை தீர்மானித்தது. ஆலையிலிருந்து வந்தது எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய சட்டமாகிய சேஸிஸ் மட்டுமே. அதன்மேல் மரமும் இரும்பும் கொண்டு பாடி கட்டும் வேலை நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் நடந்தது. கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கி உரிமையாளரானவர்கள் நிறைந்த இத்தொழிலில், எந்த வண்டியின் உதிரிபாகம் வழியிலுள்ள ஊர்களில் கிடைக்கும், எதைப் பிரித்துப் பூட்ட மெக்கானிக் இருக்கிறார், விற்கும்போது எதற்கு விலை நிற்கும் என்பவையே கேள்விகள். தவணை தவறினால் வண்டியை எடுத்து விற்கவேண்டிய ஃபைனான்ஸ்காரருக்கும் இவை முக்கியமானவை.

எண்ணூர் நிறுவனத்தின் கதையிலேயே ஒரு விசித்திரம் உண்டு. ரகுநந்தன் சரண் 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த லேலண்ட் நிறுவனம் பங்கு எடுத்துக்கொண்டதும், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1968இல் பெரும் இணைப்பின் மூலம் பிரிட்டிஷ் லேலண்டாக உருவெடுத்த அத்தாய் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நொடித்து, 1975இல் ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசால், அதன் நிலையை ஆராய்ந்த ரைடர் அறிக்கையின் அடிப்படையில், நாட்டுடைமையாக்கப்பட்டது. ஆகவே 1987இல் இந்துஜா குழுமமும் லாரி நிறுவனமான இவேக்கோவும் அப்பங்குகளை வாங்கும்வரை, சேலத்துச் சாலைகளில் ஓடிய லேலண்ட் லாரியின் வெளிநாட்டுப் பங்காளி, சுற்றிவளைத்துப் பார்த்தால், பிரிட்டிஷ் அரசாங்கமே. தாய் நிறுவனத்தின் நோய் எண்ணூரைத் தொற்றவில்லை; அதனால் அந்த மாற்றம் பட்டறைகளில் உணரப்படவும் இல்லை.

எல்லா நிறுவனங்களுக்கும் அரசின் கை இப்படி நீண்டதில்லை. சஞ்சய் காந்தியின் தனியார் நிறுவனமாக 1971இல் தோன்றி மூழ்கிய மாருதியை மத்திய அரசு 1980இல் தனிச் சட்டம் இயற்றி எடுத்துக்கொண்டது. சென்னைக்கு அருகே ஹெரால்டு கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனமோ, 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 விலைபோகாமல், 1988இல் உற்பத்தியை நிறுத்தியபோது அதற்கு அப்படியொரு சட்டம் பிறக்கவில்லை. மீட்பைத் தீர்மானித்தது வண்டியின் தரமோ தொழிலாளர் நலனோ அன்று, அரசியல் செல்வாக்கு என்றே சொல்லவேண்டும்.

உலக நிதி நெருக்கடியின்போது, 2008 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடனை அமெரிக்க அரசு அறிவித்தபோது, கிரைஸ்லருக்கு அது புதிதன்று. 1980இலேயே 150 கோடி டாலர் கடனுக்கு அரசு அதற்குப் பிணை நின்றிருந்தது. அதே நெருக்கடியில் இந்திய அரசு நேரடியாகப் பணம் தராமல், உற்பத்தி வரியை 4 சதவீதப் புள்ளிகள் குறைத்து, நகரப் பேருந்துகள் வாங்க மாநிலங்களுக்கு நிதி அளித்து, 2009 ஜனவரி முதல் வாங்கப்படும் வணிக வாகனங்களுக்குத் தேய்மானத்தை 50 சதவீதமாக உயர்த்தியது. தேய்மானம் என்பது வண்டி பழசாவதால் குறையும் மதிப்பை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டும் சலுகை. கணக்கேடு வைத்து வரி கட்டும் பெரிய நிறுவனங்களுக்கு அது பயன்பட்டது. பத்து வண்டிகளுக்கு மேற்படாத உரிமையாளர்கள் வண்டிக்கு இவ்வளவு என்று உத்தேச வருமானம் காட்ட இடமளித்த, அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவோ, தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே கொண்டது. ஆதலால், அப்பிரிவின் கீழ் வரி கட்டிய ஒற்றை லாரி உரிமையாளருக்கு அந்த 50 சதவீதச் சலுகையால் ஒரு ரூபாயும் மிச்சமாகவில்லை.