குருந்தம்

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ், உடைந்த பிஸ்டன் ரிங்குகள், இரண்டு பக்கமும் மூடி உள்ள ஒரு சிறிய டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய பட்டுச்சேலைக் கிழிசலில் சுற்றி ஒரு மரக்குச்சி இருந்தது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம். இரண்டு நுனியிலும் ரப்பர் கிண்ணம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

"இது என்னப்பா, பாத்ரூம் அடைப்பு எடுக்கறது குட்டி போட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் என் மகள்.

எஞ்சின் வால்வைத் தேய்க்கிற குச்சி என்றேன். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல நினைத்து, அந்த வீட்டுச் சந்தடியில் சொல்ல முடியாமல் போனதுதான் இந்தக் கட்டுரை.

ஆரணியை வெளியூர்க்காரர்களுக்குப் பட்டால் தெரியும். அடுத்தபடியாக அரிசியால். பட்டு தறிக்குழியிலிருந்து வருகிறது, அரிசி கிணற்றிலிருந்து வருகிறது என்று பெரியப்பா சொல்வார். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் பெரிய ஆறு கிடையாது. பாலாறும் செய்யாறும் கமண்டல நாகநதியும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். ஏரி நிறைந்தால் ஒரு போகம், அதற்குமேல் வேண்டுமென்றால் கிணறு. கபிலை ஓட்டிய காலம் போய், கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகத் தறி. பெரியப்பா மட்டும் பதினைந்து வயதில் குழியிலிருந்து எழுந்து எஞ்சின் பட்டறைக்குப் போய்விட்டார். தாத்தா சாகும்வரை அதை மன்னிக்கவில்லை.

முதலில் வால்வு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் ஹெட்டில் காற்று உள்ளே வர ஒரு வாசல், புகை வெளியே போக ஒரு வாசல். இரண்டுக்கும் கதவு வால்வுதான். காளான் குடையைப் போல இருக்கும். குடையின் விளிம்பு 45 டிகிரி சாய்வாகக் கடையப்பட்டு, அதே சாய்வில் செய்த சீட்டின்மேல் வந்து உட்கார வேண்டும். இரண்டும் தொடுகிற வளையத்தின் அகலம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். டீசல் எஞ்சினுக்குப் பிளக் கிடையாது. காற்றை நசுக்கினால் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அந்த வளையத்தில் முடியளவு கசிவு இருந்தாலும் காற்று நசுங்காது, சூடு பிறக்காது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும், எஞ்சின் மட்டும் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும்.

கிணற்று மேடுகளில் அதிகம் பேசப்பட்ட எஞ்சின் இங்கிலாந்தின் லிஸ்டர். பிறகு ராஜ்கோட்டில் அதைப் பார்த்துச் செய்தவையும் வந்தன. 1946இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸின் எஞ்சின்களும் பரவின. லிஸ்டர் நிமிஷத்துக்கு 650 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வால்வு திறந்து மூடும். கணக்குப் போட்டால் மணிக்கு 19,500 முறை. ராத்திரி ஆறு மணி நேரம் தண்ணீர் இறைத்தால் 1,17,000 முறை. புகை வாசல் வால்வு அத்தனை முறையும் செந்நிறத்தை நெருங்கும் சூட்டில் போய் இரும்பின்மேல் மோதுகிறது. விளிம்பில் குழி விழும், கரி ஒட்டும். அப்போது ஹெட்டைக் கழற்றி, வால்வை மறுபடி சீட்டில் 'உட்கார வைக்க' வேண்டும். அதற்குத்தான் இந்தக் குச்சி.

வால்வின் விளிம்பில் பேஸ்ட்டைச் சுண்டுவிரலால் அங்கங்கே பொட்டு வைப்பார். ரப்பர் கிண்ணத்தில் எச்சில் தொட்டு வால்வின் தலையில் அழுத்தினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னுமாக உருட்டுவார், சமையலறையில் சின்ன மத்தை வைத்துக் கீரை கடைகிற மாதிரி. பத்துப் பதினைந்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைச் சற்றுத் தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, வேறு இடத்தில் வைப்பார். முதலில் மணல் அரைகிற சத்தம். பேஸ்ட் தேயத் தேயச் சத்தம் மிருதுவாகும். பெரியப்பா கண்ணை மூடிக்கொள்வார். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம். பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு ஒரு தடவை திருப்புவார். எல்லாக் கோடும் அழிந்தால் சரி. கடைசியாக மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது அடியில் ஈரம் இருக்கக் கூடாது.

இந்த எஞ்சின்கள் தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கு வந்ததில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயருக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மதராஸ் அரசாங்கத்துக்காக எஞ்சினும் பம்பும் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் சோதனைகளை நடத்தினார். அதே மனிதர்தான் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் வைத்து, கைத்தறியில் விசைநாடாவைப் பரப்பவும் முயன்றார். அரசாங்கமே தொழில் நடத்துவது கூடாது என்று லண்டனில் இந்தியா மந்திரி மார்லி 1910இல் தடை போட்டார். ஆனாலும் எஞ்சின் நிற்கவில்லை. தறிக்கும் எஞ்சினுக்கும் ஜென்மப் பகை என்று நினைத்திருந்த என் தாத்தாவுக்கு, இரண்டையும் ஒரே துரை கையில் எடுத்த கதை தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்த இரட்டை மூடி டப்பாவுக்கு வருகிறேன். ஒரு பக்கம் முரட்டுப் பேஸ்ட், மறுபக்கம் நைஸ். இரண்டிலும் இருப்பது கிரீஸில் குழைத்த கார்போரண்டம் பொடி. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டுச் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரவில்லை. மின்னும் கடினமான படிகங்கள் வந்தன. கரியும் குருந்தக்கல்லும் சேர்ந்த பொருள் என்று தப்பாக நினைத்து, கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டி 'கார்போரண்டம்' என்று பேர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு.

கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் நம்முடைய 'குருந்தம்'. கெம்பும் நீலமும் அந்தக் கல்லின் குடும்பம்தான். நிறமும் தெளிவும் இல்லாத மட்டக் குருந்தத்தைப் பொடித்து, ரத்தினங்களைப் பட்டை தீட்டவும் அரக்கில் குழைத்துச் சாணை செய்யவும் நம்மூர் ஆட்கள் பயன்படுத்தினார்கள். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இன்றும் அந்தக் கல் கிடைக்கிறது. 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆசியக் குருந்தக்கல்லைப் பற்றிக் கட்டுரை படித்தார். இப்படிக் கப்பலேறிய சொல், ஒரு தப்பான யூகத்தால் அமெரிக்கச் சரக்கின் பேரில் ஒட்டிக்கொண்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யூனிவர்சலைத் தொடங்கித் திருவொற்றியூரில் ஆலை வைத்தபோது, அந்தச் சொல் வேறு உடுப்பில் ஊர் திரும்பியது. பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. 'கார்பரண்டம்' என்பார், 'ர'வை அழுத்தி.

குச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வால்வுகளின் தலையில் திருப்புளி நுழைகிற காடியோ, இரண்டு துளையோ இருக்கும். அதில் திருப்புளியையோ தச்சரின் கைத்துரப்பணத்தையோ மாட்டித் திருப்புவார்கள். 1910, 20களில் அமெரிக்கக் கார்களுக்கு ஒரு கைமிஷின் வந்தது. முட்டை அடிக்கும் கருவியைப் போலப் பக்கத்தில் கைப்பிடிச் சக்கரம். அதை நாம் ஒரே பக்கமாகச் சுற்றினாலும், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் வால்வை முன்னும் பின்னுமாகத்தான் அசைக்கும். தலை வழவழப்பான வால்வுகளுக்கு ரப்பர் கிண்ணம் வந்தது. கருவி எத்தனை மாறினாலும் அந்த முன்பின் அசைவை மட்டும் யாரும் மாற்றவில்லை.

காரணம் எளிமையானது. ஒரே திசையில் சுற்றினால் ஒவ்வொரு பொடித்துகளும் ஒரே பாதையில் ஓடி இரும்பில் வட்டக் கோடு கிழித்துவிடும். முன்னும் பின்னும் போய், தூக்கி வைத்தால் துகள் இடம் மாறும், தேய்மானம் சமமாகும். தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் உலோகத்தையும் கடைகிறோம். பழைய கடைசல் பட்டறையிலும் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துத்தான் கடைந்தார்கள். பெரியப்பாவும் 'வால்வு கடையறது' என்றுதான் சொல்வார்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

1986, எனக்குப் பதினான்கு வயது. கோடை லீவில் பட்டறையில் எடுபிடி. ஊரிலிருந்து ஆறேழு மைல் தள்ளி ஒரு விவசாயி, கரண்ட் கனெக்ஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர், ஹெட்டை மாட்டுவண்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். நெல் பூட்டை கட்டும் நேரம். "இன்னிக்கி ராவுக்குள்ள தண்ணி பாயணும் மேஸ்திரி" என்றார். பெரியப்பா உள்வால்வை முடித்துவிட்டு, புகை வால்வை என்னிடம் கொடுத்து, சாமான் வாங்கக் கடைக்குப் போனார். எனக்குக் கை வலித்தது. பட்டறையில் கரண்ட் டிரில் இருந்தது. வால்வின் தண்டை அதில் மாட்டி, முரட்டுப் பேஸ்ட் வைத்து ஒரே சுற்றாகச் சுற்றினேன். ரெண்டே நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி பளபளவென்று வளையம் வந்தது. நைஸ் பேஸ்ட்டால் ஒப்புக்கு நாலு உருட்டு உருட்டி மேலே மறைத்தேன். பெரியப்பா வந்து பார்த்தார். எதிரில் விவசாயி நின்றுகொண்டிருந்தார். அன்று மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க நேரமில்லை.

எஞ்சின் அன்றிரவு ஓடியது. மூன்றாவது வாரம் நின்றது. நான் கிழித்த கோடுகள் வழியே சூடான புகை கசிந்து, வால்வு விளிம்பில் நகம் அளவுக்கு எரிந்து போயிருந்தது. புது வால்வு வந்து மாட்டுவதற்குள் ஐந்து நாள். பால் பிடிக்கிற பயிருக்கு ஐந்து நாள் என்றால் என்ன என்று, பாதிக்குமேல் பதராகிப்போன அந்தக் கழனியைப் பார்த்தபோது தெரிந்தது.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. எரிந்த வால்வை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார். "டிரில்லு போட்டியா?" என்றார். தலையாட்டினேன். "அதுக்கு வேகம் தெரியும்டா, எப்ப நிக்கணும்னு தெரியாது. பாக்காம வுட்டது எந்தப்பு." அந்த விவசாயியிடம் அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் கூலி வாங்கவில்லை. நான் செய்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை.

1990இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதற்கு முன்பே கரண்ட் மோட்டார் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. அதன் பிறகு காசு போட்டு டீசல் வாங்கி இறைப்பதற்குக் காரணமே இல்லை. கிணற்று மேட்டு எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்கு வந்தன. மோட்டாரில் திறந்து மூட வால்வு இல்லை. "இனிமே வால்வுன்னா கிணத்துக்குள்ள கீற ஃபுட்வால்வு மட்டுந்தான்" என்று பெரியப்பா சிரிப்பார். கார், லாரிகளிலும் வால்வு உலோகம் உறுதியானது, சீட்டை இம்மி பிசகாமல் வெட்ட மிஷின் வந்தது. கை உருட்டும் வேலை அபூர்வமாகிவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். பயிர் பிழைப்பது ஒரு பதினான்கு வயதுப் பையனின் பொறுமையை நம்பி இல்லை என்பது நல்ல விஷயம்தான்.

ஆனால் வரலாறு எழுதுகிறவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பசுமைப் புரட்சி காலத்து வட ஆற்காட்டைப் பற்றி பி.எச்.ஃபார்மர் தொகுத்த நூல் 1977இல் வந்தது. ஆரணியை 1973 முதல் ஆராய்ந்து எழுதிவருகிறார் பார்பரா ஹாரிஸ்-வைட். நம்மைவிட நம் ஊரைக் கவனமாகப் பார்த்தவர்கள். தொழில்நுட்ப வரலாறு என்றால் கண்டுபிடித்தவர் கதையாகவே இருக்கிறது, பயன்படுத்தியவர், பழுது பார்த்தவர் கதையும் வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் ஒரு புத்தகமே எழுதினார். எஞ்சின் எத்தனை, கிணறு எத்தனை என்று கணக்கெடுக்கலாம். எஞ்சின் நின்ற ராத்திரிகளையும், அது மறுபடி ஓடக் காரணமான உள்ளங்கைகளையும் எந்தப் பதிவேட்டில் தேடுவது?

தறிக்காவது ஒரு மரியாதை மிஞ்சியது. கையால் நெய்தது என்றால் அதற்குத் தனி முத்திரை, தனி விலை. பழைய பாவோடு புதுப் பாவை, ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிச் சேர்க்கிற எங்கள் அத்தையைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். அதே வீட்டில், அதேபோல விரலாலும் காதாலும் வேலை செய்த பெரியப்பாவை யாரும் படம் பிடிக்கவில்லை. தேய்த்து முடித்த வால்வு ஹெட்டுக்குள் போய்விடும். நன்றாகச் செய்தால் யாரும் அதைத் திரும்பப் பார்க்கவே மாட்டார்கள்.

சாமான்களை எடுக்கப் பழைய இரும்புக்காரர் வந்தார். ஸ்பேனர்களையும் ரிங்குகளையும் தராசில் போட்டார். குச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "இது எடைக்கு வராதுண்ணா."

வாங்கிக்கொண்டேன். டப்பாவைத் திறந்தால் கிரீஸ் காய்ந்து பக்காக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்சம் குழைத்து மகளின் விரலில் தொட்டு வைத்தேன். தேய்த்துப் பார்த்தவள், "இன்னும் நறநறன்னுதாம்பா இருக்கு" என்றாள். இதுக்குப் பேர் குருந்தம் என்று தொடங்கினேன். அது சரியான பேர் இல்லை என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டும்.