மூணு மாசம் ஈர மண்ணுல தூங்கும் முட்டை... ஆப்பிரிக்க 'கில்லி' மீன் வளர்க்கலாமா?

'கில்லி'ன்னதும் விஜய் படம்தான் ஞாபகம் வரும். இது வேற கில்லி. ஆப்பிரிக்காவின் 'கில்லிஃபிஷ்'. பேரைக் கேட்டு, மத்த மீனையெல்லாம் கொன்னுடுமோன்னு பயப்படாதீங்க. டச்சு மொழியில் 'கில்' என்றால் நீரோடை. பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

மொசாம்பிக், தான்சானியா பக்கம் மழை பெய்ததும் பள்ளங்களில் தண்ணீர் தேங்கும், சில மாதங்களில் வற்றிவிடும். 'நோத்தோபிராங்கியஸ்' வகை கில்லிகளின் வீடு அந்தக் குட்டைகள்தான். குட்டை வற்றினால் மீன் காலி. ஆனால், மண்ணில் புதைந்த முட்டைகள் வளர்ச்சியை அப்படியே நிறுத்திவைத்து அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். நேரம் குறைவு என்பதால் எல்லாமே ஃபாஸ்ட் ஃபார்வர்டுதான். மொசாம்பிக்கில் டர்க்காய்ஸ் கில்லி 14 நாள்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராவதை 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் மூப்படைவதால், முதுமையை ஆராயும் லேப்களில் இதற்குச் செம டிமாண்ட்.

அதனால, வாங்கும் முன்னாடி ஒண்ணு யோசிச்சுக்கோங்க. கடையில் பளபளன்னு கலரா நிற்கும் நோத்தோ, வாழ்நாளில் கணிசமான பகுதியை ஏற்கெனவே முடித்திருக்கும். வீட்டுக்கு வந்து சில மாதங்களில் முதுகு வளைந்து, மெலிந்து போகும். நீங்க தப்பு பண்ணிட்டதா உடனே நினைக்காதீங்க. பெரும்பாலும் அது வயசு. தாங்க முடியாதுன்னு தோணினா, நைஜீரியா, கேமரூன் பக்கத்து 'கார்ட்னெரி'யில் ஆரம்பிங்க. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷம் வரை இருக்கும். முட்டையைக் காயவைக்கும் வேலையும் இல்லை.

ஒரு ஆண், இரண்டு மூன்று பெண் மீன்களுக்கு 30 முதல் 40 லிட்டர் தொட்டி போதும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டைதான். ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் செடி, இடைவெளி இல்லாத மூடி. மூடியில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஒயர் நுழையும் சின்ன ஓட்டை வழியாகக்கூட துள்ளி வெளியே விழுந்துவிடும். வெப்பநிலை 22 முதல் 26 டிகிரி. தண்ணீர் சூடாக இருந்தால் ஆயுளும் வேகமாக ஓடும். அதனால் நம்ம ஊர் வெயிலில் தொட்டியை ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. பெல்லட்டை பல மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆர்ட்டீமியா, டாஃப்னியா, ஃப்ரோஸன் பிளட்வார்ம் போட்டால் பாய்ந்து வரும்.

இதோட உண்மையான கிக் முட்டையில்தான் இருக்கு. சான்சிபாரைச் சேர்ந்த 'குந்தெரி'யை எடுத்துக்கலாம். கழுவிக் கொதிக்கவைத்த தேங்காய் நார்த் தூளை ஒரு டப்பாவில் போட்டுத் தொட்டிக்குள் வைத்தால், அதில் முட்டையிடும். ஓரிரு வாரத்தில் அந்தத் தூளை எடுத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஜிப்லாக் கவரில் போட்டுத் தேதி எழுதிடுங்க. தேதி எழுத மறந்தால் எல்லாமே குழப்பம்தான்! சுமார் மூன்று மாதம் கழித்து, முட்டைக்குள் குட்டிக் கண் பளிச்சென்று தெரிந்தால், சற்றுக் குளிர்ந்த, குளோரின் இல்லாத தண்ணீரை ஊற்றணும். சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். முதல் நாளே பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சு ரெடியா இருக்கணும்.

எல்லா முட்டையும் ஒரே தடவையில் பொரியாது. முதல் மழை ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று சிலது தூங்கிக்கொண்டே இருக்கும். தூளை வீசிடாதீங்க. மறுபடி பிழிந்து கவரில் போட்டு, சில வாரம் கழித்து இன்னொரு முறை நனைச்சுப் பாருங்க.