மதராஸ் நேரமும் சுவிஸ் மிஷினும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இன்று மின்சார ரயிலில் தொங்கியபடி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போகிறவர்கள் கடப்பது அதே பாதையைத்தான். அன்று அது ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே போட்ட புதுத் தண்டவாளம். நாழிகைக் கணக்கில் பொழுதை ஓட்டிவந்த ஊர்களின் வழியே நிமிடக் கணக்கில் ஓடவேண்டிய வண்டி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சுவரில் கடிகாரம் மாட்டிக்கொள்ளலாம். ஓடும் வண்டியில் நிற்கும் கார்டு என்ன செய்வார்? சென்னையின் மேற்குப் பக்கத்தில் பாக்கெட் வாட்ச் பரவிய கதையில் ஜமீன்தார்களைவிட ரயில்வேக்காரர்களுக்குத்தான் இடம் அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர்கள் பையில் ஓடியது எந்த ஊர் நேரம்? நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக்கூடத்தின் நேரம். அங்கே நாட்டிய கருங்கல் தூணில் தமிழிலும் ஒரு கல்வெட்டு உண்டு. வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் மதராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சைவிட இந்த ஊர் ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முன்னால் இருக்கிறது என்று நிறுவினார். பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் கிட்டத்தட்ட நடுவில் விழுந்ததால், பின்னாளில் இந்தியா முழுவதும் ரயில்கள் மதராஸ் நேரத்தைப் பின்பற்றின. தந்திக் கம்பி வழியாக அந்த நேரம் நிலையங்களுக்குப் போனது. 1906 ஜனவரி 1இல் இந்திய நிலைநேரம் நடைமுறைக்கு வந்தபோது மதராஸ் தன் முள்ளை ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினால் போதுமாக இருந்தது. பம்பாய்க்கு அது பெரிய மானப் பிரச்சினை. அங்கே பழைய நேரம் பல பத்தாண்டுகள் பிடிவாதமாக நீடித்தது.

சரி, வாட்ச் எங்கே வாங்கினார்கள்? மவுண்ட் ரோட்டில் 1840களில் வேர்விட்ட பி.ஆர் அண்ட் சன்ஸ் இருந்தது. பீட்டர் ஆர் என்ற கடிகாரக் கைவினைஞர் தொடங்கிய கடை, சாமி உருவங்கள் செதுக்கிய வெள்ளிப் பாத்திரங்களுக்கும் பேர்போனது. பழைய பாக்கெட் வாட்ச் சேகரிப்பவர்கள் கையில் கிடைக்கும் டயல்களில் அந்தக் கடையின் பெயரும் மதராஸ், ரங்கூன் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் இருக்கும். அதைப் பார்த்து மதராஸில் செய்த வாட்ச் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் டயலில் இருப்பது பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்தவர் யார் என்பது பின்மூடியைத் திறந்து, உள்மூடியையும் திறந்து, மிஷினைப் பார்த்தால்தான் தெரியும். பல வாட்சுகளில் அங்கேயும் பெயர் இருக்காது; ஒரு சின்ன முத்திரையும் வரிசை எண்ணும்தான்.

அந்த முத்திரைகளில் பல ஜூரா மலையடிவாரத்து ஊர்களைச் சேர்ந்தவை. சுவிட்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன், லெ லோக்ள், சாந்திமியே ஆகிய இடங்களில் பனிக்காலம் முழுவதும் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு குடும்பம் சக்கரம் அறுக்கும், இன்னொன்று முள் செய்யும், வேறொருவர் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்ப்பார். 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போன லான்ஜின்ஸ் வாட்ச் நிறுவனப் பொறியாளர் ஜாக் டேவிட், அமெரிக்கர்கள் இயந்திரத்தில் ஒரே அளவாக உதிரிபாகம் வெட்டித் தள்ளுவதைப் பார்த்து அதிர்ந்துபோனார். இப்படியே இருந்தால் தொழில் கைவிட்டுப் போய்விடும் என்று ஊருக்கு அறிக்கை எழுதினார். சுவிஸ்காரர்கள் அதன் பிறகு தொழிற்சாலை முறைக்கு வேகமாக மாறினார்கள். இந்தியச் சந்தையைச் சுவிஸ் வாட்சுகள் நிறைத்தது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

இந்தக் கதையில் தனியாக நின்று பார்க்கவேண்டிய ஆள் ஜியார்ஜ் பிரெடெரிக் ராஸ்காப். ஜெர்மனியின் பாடன் பகுதியில் 1813இல் பிறந்து லா ஷோ-து-ஃபோனுக்கு வேலை கற்கப் போனவர். கூலித் தொழிலாளி வாங்கக்கூடிய விலையில், அதாவது இருபது பிராங்கில், நம்பகமான வாட்ச் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பாகங்கள் கேட்கும் வேலையை 57 பாகங்களில் முடித்தார். நடுச்சக்கரத்தை எடுத்துவிட்டு ஸ்பிரிங் உருளையைப் பெரிதாக்கினார். மாணிக்கக் கல் பதிக்கவேண்டிய இடத்தில் எஃகு ஊசிகளை வைத்தார். 1867 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. ஆனால் சுவிட்சர்லாந்தில் அப்போது காப்புரிமைச் சட்டமே கிடையாது, 1888இல்தான் வந்தது. ஆகவே ஊரெல்லாம் அவரைக் காப்பியடித்தார்கள். அவர் பெயரைத் தாங்கிய நகல்கள் லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயின.

அந்த நகல்கள் இங்கேயும் வந்தன. மூடியில் ரயில் எஞ்சின் செதுக்கி, டயலில் 'ரயில்வே' என்று அச்சிட்டு விற்றார்கள். இன்றைக்கும் பழம்பொருள் வியாபாரி அதைக் கையில் கொடுத்து, “சார், இது வெள்ளைக்காரன் கால ரயில்வே வாட்ச்” என்பார். படம் போட்ட வாட்ச் எல்லாம் ரயில்வே கொடுத்ததில்லை. ரயில்வே கொடுத்ததில் அதன் முதலெழுத்துகளும் ஒரு எண்ணும் இருக்கும். எண் இருந்தால்தான் ஊழியரிடம் திருப்பிக் கேட்க முடியும். 1908இல் மதராஸ் ரயில்வேயின் பெரும்பகுதி சதர்ன் மராட்டா ரயில்வேயுடன் இணைந்து மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ஆனது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் எழுத்துகளிலிருந்தே காலத்தை ஊகிக்கலாம்.

பூந்தமல்லிப் பக்கம் கதை வேறு. கம்பெனி காலத்திலிருந்தே அது பட்டாளம் தங்கிய ஊர். பட்டாளத்தாருக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் வாட்ச் விற்றுப் பேர் வாங்கியது 1886இல் பம்பாயில் தொடங்கிய சுவிஸ் நிறுவனம் வெஸ்ட் எண்ட். குதிரைப்படை வீரனைக் குறிக்கும் 'சவார்' என்ற பெயரையே ஒரு மாடலுக்கு வைத்துவிட்டார்கள். அவர்களது 'குயீன் ஆன்' வரிசையில் லான்ஜின்ஸ் மிஷின் இருக்கும். 1737 வரை வேர் நீளும் ஃபாவ்ர்-லூபா குடும்பமும் 1865லேயே பம்பாய் வந்து கடைவிரித்திருந்தது.

சேகரிப்பவர்கள் தங்க மூடிக்கு மயங்குவது சகஜம். காந்தியின் ஜெனித் பாக்கெட் வாட்ச் 2009இல் நியூயார்க் ஏலத்தில் அவரது கண்ணாடி, செருப்புகளோடு சேர்ந்து 18 லட்சம் டாலருக்குப் போனபிறகு விலைபற்றிய கனவுகளும் பெருகின. உண்மையில் கவனிக்கவேண்டியவை எளிமையானவை. சுவிஸ் வெள்ளி மூடியில் கரடி முத்திரை இருந்தால் 875 தரம், காட்டுக்கோழி இருந்தால் 800. எனாமல் டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் விலை இறங்கும். புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் இறங்கவேண்டும். தலைக்குமிழைத் திருகிச் சாவி கொடுப்பதா, தனிச் சாவி போட்டா என்பது காலத்தைச் சொல்லும். மிஷினும் மூடியும் ஒன்றுக்கொன்று பிறந்தவையா என்பதை எண்கள் சொல்லும். லான்ஜின்ஸ் மிஷின் என்றால் வரிசை எண்ணை வைத்தே அது செய்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தப் பழைய வாட்சுகளை மேற்குப் புறநகர்க்காரர்கள் தேடிப்போன இடம் சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட். 1985 மே மாதம் அது எரிந்தது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின.

அதற்கு முன்பே வாட்சின் நிலைமை மாறிவிட்டது. 1961இல் எச்.எம்.டி. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு வாட்ச் செய்யத் தொடங்கியது. அதே 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் மணிக்கட்டில் அந்த இந்திய வாட்ச் ஏறியது. பாட்டனாரின் பாக்கெட் வாட்ச் பீரோவுக்குள் போனது. எச்.எம்.டி.யும் பாக்கெட் வாட்ச் செய்து பார்த்தது. 2016இல் வாட்ச் பிரிவையே மூட அரசு முடிவெடுத்தது. ஒரு சுவாரசியம்: அதே ரயில் பாதையோரம் பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை தன் பெட்டிகளின் வடிவமைப்பை வாங்கியது சூரிக் அருகே ஷ்லீரனில் இருந்த சுவிஸ் நிறுவனத்திடம். அந்தச் சுவிஸ் வடிவமைப்புக்குக் கிடைத்த புகழ், அந்தப் பாதையில் கார்டுகள் வைத்திருந்த சுவிஸ் வாட்சுகளுக்குக் கிடைக்கவில்லை.

பீரோவிலிருந்து வெளியே வரும் ராஸ்காப்பை ஓடவைப்பதுதான் இப்போதைய பாடு. புது உதிரிபாகம் கிடையாது. பழைய ரிப்பேர்காரர்கள் ஓடாத மிஷின்களைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பாலன்ஸை எடுத்து இன்னொன்றுக்குப் போடுகிறார்கள். ஆகவே விஷயம் தெரிந்த சேகரிப்பாளர் ஓடும் வாட்ச் ஒன்றை வாங்கும்போதே அதே எண் வகையில் ஓடாத இரண்டையும் சேர்த்துப் பேரம் பேசுகிறார்.