அனுமதிச் சீட்டின் ஆயுள்

அயல் நகரமொன்றில் படம்பிடிக்க அனுமதி பெறுவது என்றதும் நம் நினைவுக்கு வருபவை விண்ணப்பப் படிவங்களும் ரப்பர் முத்திரைகளும் தூதரக வாசல் காத்திருப்பும்தான். சீட்டு கைக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது என்றே எண்ணுகிறோம். 1972ல் பெய்ஜிங்கில் மிக்கேலாஞ்சலோ அந்தோனியோனிக்குக் கிடைத்த அனுமதியின் கதையோ, படப்பிடிப்பு முடிந்து கேமராக்கள் ஊர் திரும்பிய பிறகே உண்மையில் சூடு பிடிக்கிறது.

அந்நாளில் சீனாவுக்குள் ஓர் அயல்நாட்டுக் கேமரா நுழைவது எளிதன்று. பண்பாட்டுப் புரட்சியின் கெடுபிடிகள் தளரத் தொடங்கியிருந்தனவே தவிர விலகியிருக்கவில்லை. 1970ல் இத்தாலி மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. 1972 பிப்ரவரியில் நிக்ஸன் வந்து போனார். கதவு சற்றே திறந்த அந்த இடைவெளியில்தான் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய் நிறுவனத்துக்கு ஓர் ஆவணப்படம் எடுக்க இசைவு கிடைத்தது. அழைப்பு சீன அரசினுடையது. அதற்குப் பின்னால் இருந்தது பிரதமர் சூ என்லாயின் வெளியுறவுக் கொள்கை. இயக்குநராக வந்தவர் 'ப்ளோ-அப்' எடுத்தவர், ஆவணப்படங்களில் தொடங்கியவர், இடதுசாரிச் சார்பும் உடையவர். சீனத் தரப்பு ஒரு நண்பரை எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

தாம் போக விரும்பிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தார் அந்தோனியோனி. முதல் சில நாட்கள் பெய்ஜிங் விடுதி அறையில், அதிகாரிகளுடன் வாதாடுவதிலேயே கழிந்தன. இறுதியில் அதிகாரிகள் வகுத்த வழியையே அவர் ஏற்றார். பெய்ஜிங், ஹெனான் மாகாணத்தின் லின் மாவட்டம், சூசௌ, நான்ஜிங், ஷாங்காய். படப்பிடிப்புக்கு 22 நாட்கள்.

இந்தப் பட்டியலை நாம் சற்று நின்று பார்க்கவேண்டும். லின் மாவட்டம் என்றால் செங்கொடிக் கால்வாய். 1960களில் உழவர்கள் தைஹாங் மலைகளைக் குடைந்து நீர் கொண்டுவந்த இடம். நான்ஜிங் என்றால் யாங்சி நதிமேல் 1968ல் முடிந்த பாலம்; சோவியத் வல்லுநர்கள் பாதியில் விலகிச் சென்ற பின் சீனர்கள் தாமே கட்டி முடித்தது. அதிகாரிகள் வகுத்துத் தந்தது ஒரு பயண வழி மட்டுமன்று, ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய கதை. விருந்தினரைக் கூடத்தில் அமர்த்திப் புதுப்பாய் விரிக்கிற மரபுதான் இது. அதைக் குறை சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

அந்தோனியோனி வழியை மீறவில்லை, பெரும்பாலும். ஆனால் எந்த இடத்தில் நிற்கலாம் என்று சொல்லக்கூடிய அனுமதிச் சீட்டு, நின்ற இடத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்ல முடிவதில்லை. தியானன்மென் சதுக்கத்தில் நின்ற அவரது கேமரா மாளிகைகளை விட்டுவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கும் வெளியூர்க்காரர்களின் முகங்களில் தங்கியது. வாங்ஃபூஜிங் கடைத்தெருவில் கேமராவை மறைத்துவைத்துப் படம்பிடித்தார். லின் மாவட்டத்தில் வழியைவிட்டு விலகி ஒரு மலைக்கிராமத்துக்குள் போனார். வெள்ளையரையே கண்டிராத மக்கள் கதவோரமும் சந்து முனையிலும் நின்று மிரண்டு பார்க்கிறார்கள். கேமராவும் அவர்களை விடாமல் பார்க்கிறது. ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஓடும் 'சுங் குவோ - சீனா'வில் நம்மை மிகவும் தொந்தரவு செய்கிற பகுதி இதுதான். எங்கே படமெடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்பட்டோம் என்பதையும் படத்தின் வர்ணனை சில இடங்களில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. தன் அனுமதியின் வேலிகளைத் தானே சுட்டிக்காட்டும் படங்கள் அரிது.

1974 ஜனவரி 30 அன்று சீனக் கட்சியின் மக்கள் நாளிதழ் நீண்ட கண்டனக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நான்ஜிங் பாலத்தைக் கோணலான கோணங்களிலிருந்து காட்டி ஆட்டம் காண்பதுபோலச் செய்துவிட்டார். தியானன்மென் சதுக்கத்தின் முழு வீச்சையும் மறைத்து அதைச் சந்தைக் கூட்டமாக்கிவிட்டார். வண்ணங்களை மங்கலாக்கிச் சோகம் பூசினார். புரட்சி இசைநாடகப் பாடலொன்று ஒலிக்கையில் பன்றி தலையாட்டுவதைக் காட்டினார் என்று நீண்டது குற்றப்பட்டியல். நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. கண்டித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை.

கோணம் சரியா தவறா என்பதே வழக்காக இருந்திருந்தால் அது திரைப்பட விமர்சகர்களோடு முடிந்திருக்கும். அது லின் பியாவோவையும் கன்பூசியஸையும் சாடும் இயக்கம் நடந்த காலம். மாவோவின் மனைவி சியாங் சிங்கின் குழுவினர் அவ்விரு பெயர்களின் மறைவில் குறிவைத்தது சூ என்லாயை என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. இத்தாலியரைத் திட்டத் திட்ட, அவரை உள்ளே விட்டது யார் என்ற கேள்வி தானே எழும். படமெடுத்தவர் ரோமில் பத்திரமாக இருந்தார். அனுமதி கொடுத்தவர்களோ பெய்ஜிங்கில் இருந்தார்கள்.

அதே ஆண்டு வெனிஸில் படம் திரையிடப்பட்டபோது சீனத் தூதரகம் எதிர்ப்புத் தெரிவித்தது. அங்கிருந்த உம்பர்த்தோ ஈகோ இதைப் பற்றி எழுதினார். ஒரே படிமம் இரு பண்பாடுகளில் இரு பொருள் கொள்வதை அவர் எடுத்துக்காட்டினார். 1977ல் வெளியான புகைப்படவியல் நூலில் சூசன் சொண்டாக்கும் இதை விரிவாகப் பேசினார். நேர்முகமாக, சமச்சீராக, முழுமையாக நிற்பதே மரியாதையான தோற்றம் என்று கருதும் பார்வைக்கு, துண்டு துண்டான அண்மைக்காட்சி அவமதிப்பாகவே படும். குடும்பப் புகைப்படத்துக்குப் பட்டுடுத்தி விறைப்பாக நிற்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நமக்கும் இந்தக் கோபம் அந்நியமன்று. 1968ல் இந்தியா வந்த லூயி மால், மயிலாப்பூர்த் தேரையும் கலாக்ஷேத்திரத்தையும் படமெடுத்துத் தம் தொடரில் ஒரு பகுதியைச் சென்னைக்கே ஒதுக்கினார். 1970ல் பிபிசி அத்தொடரை ஒளிபரப்பியபோது, வறுமையையே காட்டுகிறது என்று சினந்த இந்திய அரசு அந்நிறுவனத்தின் தில்லி அலுவலகத்தை மூடவைத்தது. ஜனநாயக தில்லியும் புரட்சிகர பெய்ஜிங்கும் ஏறத்தாழ ஒரே சொற்களில் குறைப்பட்டுக்கொண்டன.

என்றாலும் அந்தோனியோனியை முழுதும் விடுவித்துவிட நமக்கு மனம் வரவில்லை. இசைவு ஓர் அரசுக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் இடையிலானது. அந்த மலைக்கிராமத்துக் கிழவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் தலைகுனிந்து விலகியதும் ஒரு பதில்தான். அதையும் படமாக்கிவிட்டார் அவர்.

1976ல் சூ என்லாயும் மாவோவும் மறைந்தனர். சியாங் சிங் கைதானார். பத்தாண்டு கழித்து, 1986ல், இன்னோர் இத்தாலியரான பெர்னார்தோ பெர்த்தோலுச்சி 'கடைசிப் பேரரசர்' படத்துக்காகத் தடைசெய்யப்பட்ட நகரத்துக்குள்ளேயே கேமரா வைத்தார். மேற்கத்திய முழுநீளக் கதைப்படம் ஒன்றுக்கு அந்த அனுமதி கிடைத்தது அதுவே முதல்முறை. மால்ரோவின் ஷாங்காய் நாவல், பூ யியின் வாழ்க்கை ஆகிய இரண்டையும் அவர் சீனர்களிடம் முன்வைத்தார் என்பதும், தோற்றுப்போன கிளர்ச்சியைப் பேசும் முன்னதை விடுத்து, சிறையில் திருந்திய அரசனின் கதையை அவர்கள் தேர்ந்துகொண்டனர் என்பதும் கவனிக்கத்தக்கவை. இம்முறை பேரம் வரைபடத்தின் மேல் நடக்கவில்லை, கதையின் மேலேயே நடந்தது.

'சுங் குவோ' மட்டும் நெடுங்காலம் காத்திருந்தது. 2004ல் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் அது பொதுவில் காட்டப்பட்டபோது அந்தோனியோனிக்கு வயது 92. படம்பிடிக்க இசைவு தந்த நகரம், 32 ஆண்டுகள் கழித்துத் திரையிட இசைந்தது. மூன்று ஆண்டுகளில், 2007 ஜூலையில், அவர் இறந்தார்.